போனஸ் வருடங்கள்

திருநகரில் எங்கள் தெருவில் நடந்து போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். வீட்டு முகப்பில் பதித்த கல்லில் இருக்கும் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மில் மேஸ்திரி, மின்வாரிய ஊழியர், பஸ் கண்டக்டர். கதவைத் தட்டினால் திறப்பவர்கள் பெண்கள். கல்லில் இருப்பவர் போய் ஐந்து வருடம், பத்து வருடம், ஒரு வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கரண்ட் பில்லும் வீட்டு வரி ரசீதும் இன்னும் அவர் பெயரில்தான் வருகின்றன. அதைக் கட்டப் போகிறவர் மட்டும் வேறு.

“ஆம்பளைக முன்னாடி போயிர்றாக. நம்மதேன் கெடக்கோம்” என்பார் எதிர்வீட்டு அத்தை. அதில் வருத்தம் இருக்கிறதா, அலுப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அத்தை சொல்வது கணக்கின்படியும் சரி. 2016–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி இந்தியாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 68.6 ஆண்டுகள், பெண்களுடையது 71.4. தமிழ்நாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரியது, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். இதைச் சொன்னால் உடனே ஒரு சிரிப்பு எழும். “பாத்தியா, பொம்பளைங்கதான் நிம்மதியா ரொம்ப நாள் இருக்கீங்க” என்பார்கள். பெண்ணியம் பேசுகிறவளை மடக்க இந்த ஒரு புள்ளிவிவரம் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு.

இந்த எண்ணை வைத்து எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சுவார்த்தையைச் சொல்ல வேண்டும்.

2022இல் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்து, வலது கால் வளையத் தொடங்கியிருந்தது. மாடிப்படி ஏற முடியாது. கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியாது. திருநகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் படி உயரம் என்று, வெளியே போவதையே நிறுத்தியிருந்தாள். வலது முட்டியை மாற்றினால் நடக்கலாம் என்றார் மருத்துவர். ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். அண்ணன்கள் இருவரும் நானும் உட்கார்ந்து பேசினோம். பெரிய அண்ணன் போனில் எதையோ தேடிவிட்டுச் சொன்னார்:

“பொம்பளைகளுக்குச் சராசரி ஆயுசே எழுபத்தொண்ணுதானாம். அம்மா அதைத் தொட்டாச்சு. இனி இருக்கிறதெல்லாம் போனஸ். இதுல போயி காலை அறுத்துக்கிட்டு, படுக்கையில விழுந்துட்டா யாரு பாக்குறது?”

அண்ணன் கெட்டவர் இல்லை. அம்மா மேல் பாசம் உள்ளவர்தான். ஆனால் எனக்கு 2013 நினைவுக்கு வந்தது. அந்த வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு 68 வயது. 2010–14 கணக்கின்படி இந்திய ஆண்களின் சராசரி ஆயுள் 66.4. அதாவது அப்பா தன் ‘சராசரி’யைத் தாண்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அன்று இதே அண்ணன்தான் இரவோடு இரவாகப் பணம் புரட்டினார். நான் வளையல்களை அடகு வைத்தேன். அம்மா கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். வயது என்ன, இனி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் நன்றாக இருந்தார்.

ஆக, ‘போனஸ்’ என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அம்மாவின் முட்டிக்காகத்தான்.

அண்ணன் சொன்ன கணக்கும் தவறு. சராசரி ஆயுள் என்று நாம் செய்தியில் படிப்பது பிறக்கும்போது கணிக்கப்படும் ஆயுள். அந்தந்த ஆண்டின் இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால், இன்று பிறக்கும் குழந்தைகள் சராசரியாக எத்தனை வருடம் வாழ்வார்கள் என்பதே அதன் பொருள். முதல் வாரத்தில் இறக்கும் குழந்தை, இருபது வயதில் பைக்கில் அடிபட்டுச் சாகும் பையன், பிரசவத்தில் போகும் பெண் எல்லோரும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். எழுபதை எட்டிவிட்ட பெண் அந்த ஆபத்துகளையெல்லாம் கடந்து வந்தவள். அவளுக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எழுபது வயதுப் பெண் இன்னும் எத்தனை வருடம் இருப்பாள்? இந்தியாவில் அதற்கான விடை பன்னிரண்டு ஆண்டை ஒட்டி இருக்கிறது. அறுபதைத் தொட்ட பெண்ணுக்கு ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டு. பன்னிரண்டு வருடம் என்பது, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் காலம். அவ்வளவு காலத்தையும் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தே கழிக்கட்டும் என்றுதான் அன்று முடிவாக இருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. அம்மா பிறந்தது 1951இல். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய மதிப்பீட்டின்படி, இந்தியப் பெண்ணின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகூட இல்லை. சராசரியைத் தாண்டியதெல்லாம் போனஸ் என்றால், அம்மா 1983 முதலே போனஸில்தான் ஓடிக்கொண்டிருக்கிறாள். சின்ன அண்ணனுக்கும் எனக்கும் சோறு போட்டு வளர்த்ததில் பெரும்பகுதி அந்தப் போனஸில்தான்.

பெண்கள் ஆண்களைவிட அதிக நாள் வாழ்வது இயற்கை என்று பலரும் நம்புகிறோம். உடலளவில் அதில் உண்மை இருக்கிறது. இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், இதயத்துக்குக் காவலாக இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்று விஞ்ஞானிகள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். கொடும் பஞ்சத்திலும் இது தெரிகிறது. 1933இல் உக்ரைனில் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 7 ஆண்டாகவும் பெண்களுடையது சுமார் 11 ஆண்டாகவும் விழுந்தன என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எல்லோரும் பட்டினி கிடந்தபோதும் பெண் உடல் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது.

அப்படியானால் இந்தியாவில் என்ன நடந்தது? 1970–75இல் இங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 50.5, பெண்களுடையது 49. பஞ்சத்தில்கூடப் பின்தங்காத பெண் உடல், சுதந்திர இந்தியாவில் ஆணுக்குப் பின்னால் நின்றது. பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்தது 1980களில்தான். இயற்கை கொடுத்த வருடங்களை வீடும் ஊரும் எடுத்துக்கொண்டன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே அளவு உணவும் மருத்துவமும் கிடைத்திருந்தால் உயிரோடு இருந்திருக்க வேண்டிய பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் உலகில் காணாமல் போயிருக்கிறார்கள் என்று அமர்த்தியா சென் 1990இல் எழுதினார். அதில் பெரும் பங்கு ஆசியாவுக்கு. நம் நாட்டுக்கும்தான்.

எடுத்துக்கொண்ட விதம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மதுரைக்கு மேற்கே இருக்கிற உசிலம்பட்டியின் பெயர் 1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு நாடு முழுக்கத் தெரிந்தது. கள்ளிப்பால் என்ற சொல்லை நகரத்து வீடுகள் அதிர்ச்சியோடு உச்சரித்தன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் மதுரைக்கும் வந்தது. ஆனால் ஓர் ஊரையும் ஒரு சமூகத்தையும் சுட்டிவிட்டு மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டதை என்னால் ஏற்க முடிவதில்லை. கள்ளிப்பால் ஒரு நாளில் செய்ததை மற்ற வீடுகள் வருடக்கணக்கில் செய்தன. பையனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர், பெண்ணுக்கு என்றால் கஷாயம். ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிஞ்சியது பெண்களுக்கு. பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிட அதிகமாக இறந்த உலகின் மிகச் சில நாடுகளில் ஒன்றாக இந்தியா நெடுங்காலம் இருந்தது. அதற்கு ஓர் உசிலம்பட்டி போதாது.

என் அம்மாச்சி ஒன்பது பெற்றவர். நான்கு தங்கியது. “பொட்டப்புள்ளைக தானா போயிரும்” என்று அவர் சாதாரணமாகச் சொல்வார். தானாகப் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். அவருடைய தங்கை ஆறாவது பிரசவத்தில் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே போனார். இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. 2001–03இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20இல் அது 54. இந்திய அளவில் இதே காலத்தில் 301இலிருந்து 97 ஆனது. கிராமம் கிராமமாக நடந்த சுகாதாரச் செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையங்களும், பள்ளிக்கூடம் போன பெண்களும், இரண்டோடு போதும் என்று சொல்ல முடிந்த பெண்களும் சேர்ந்து மீட்டது அது. பெண்களுக்கு இன்று இருக்கும் ‘கூடுதல்’ ஆயுள், முன்பு பறிக்கப்பட்டதில் திரும்பி வந்த பாகம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இடைவெளி வளர்ந்ததற்கு ஆண்கள் சீக்கிரம் சாவதும் ஒரு காரணம். பீடி, சிகரெட். 2003இல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகு தெருவுக்குத் தெரு எளிதாகிவிட்ட குடி. சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஆண்கள். 2021இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். ஹெல்மெட் போட்டால் கேவலம், டாக்டரிடம் போனால் பலவீனம், அழுதால் பொட்டை என்று பையன்களை வளர்க்கும் சமூகம் அவர்களையும் கொல்கிறது. இதைப் பெண்களின் வெற்றியாக எந்தப் பெண்ணும் கொண்டாடவில்லை. பாடையைத் தூக்கியதும் அந்த வீட்டுக் கடனை யார் அடைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

ஆணின் ஆயுளில் பெண்ணின் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை. பைபாஸுக்குப் பிறகு அப்பா இருந்த ஆறு வருடமும் காலையில் இரண்டு, இரவில் நான்கு என்று மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தது அம்மா. உப்பைக் குறைத்தது, அவர் மறைத்து வைத்த சிகரெட்டைக் கண்டுபிடித்து எறிந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவள்தான். அதே வருடங்களில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குப் பார்க்க வந்த லேப் பையனிடம் ஒருநாள் தன் விரலையும் நீட்டியபோதுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. பாதிப் பேருக்கு மேல் சோகையோடு நடமாடும் பெண்கள்தான் நீண்ட ஆயுள் உள்ளவர்கள். நீண்டு கிடப்பதில் நோயும் சேர்த்தே நீள்கிறது.

சரி, அந்தக் கூடுதல் வருடங்களில் என்ன இருக்கிறது? என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆறு வயது வித்தியாசம். நம் ஊரில் இது சாதாரணம். மாப்பிள்ளை நாலைந்து வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்பதே வழக்கம். ஆயுளில் நான்கு வருட வித்தியாசம், கல்யாணத்தில் ஆறு வருட வித்தியாசம். கூட்டிப் பாருங்கள். ஒரு பெண் பத்து வருடம் தனியாக இருக்க வேண்டும் என்பது அவள் கழுத்தில் தாலி ஏறும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவரை இழந்த பெண்கள் 4 கோடிக்கு மேல். மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்கள் முன்னால் போய்விடுவது ஒரு காரணம். மறுமணம் அவர்களுக்குச் சுலபம் என்பது இன்னொன்று. “அவருக்கு ஒரு வாய் காப்பி போட்டுக் குடுக்க ஆள் வேணாமா?” என்று ஊரே பெண் தேடும். பெண்ணுக்குக் காப்பி போட ஆள் வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை.

இந்தப் பத்து வருடத்துக்கு எந்தப் பணமும் ஒதுக்கப்படவில்லை. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் கணவர் வாங்கிய ஓய்வூதியத்தில் பொதுவாகப் பாதிதான் மனைவிக்கு. நூல் மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கு வந்துகொண்டிருந்த இரண்டாயிரத்துச் சொச்சம், அவர் போன பிறகு ஆயிரத்துச் சொச்சமானது. ஆள் பாதியானால் அரிசி பாதியாகலாம். கேஸ் சிலிண்டரும் கரண்ட் பில்லும் பாதியாவதில்லை. அதுவும் இல்லாத பெண்களுக்கு அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை உண்டு. 2023இல்தான் அது ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அந்தத் திட்டத்தின் பெயரையே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். உதவி வாங்கும் முன்பே ஒருத்தி தன்னை என்ன என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது!

மீதமிருப்பது வீடு. மனை வாங்கியது அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை விற்று. பத்திரம் அப்பா பெயரில். அப்பா உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. முட்டி ஆபரேஷன் பேச்சு வந்த அதே மாதத்தில் பெரிய அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்தை எழுதிக்கொண்டு வந்தார். அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டால், வீட்டை விற்றுவிட்டு அம்மாவை ஆளுக்கு ஆறு மாதம் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மா பத்திரத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். படித்துவிட்டு, “இதுல என் முட்டி எங்கப்பா இருக்கு?” என்று கேட்டாள்.

அண்ணன் பதில் சொல்லவில்லை.

“நான் இன்னும் பத்து வருசம் இருந்தா என்ன செய்வீக? ஆறு மாசம் ஆறு மாசம்னு இருவது தடவ பெட்டியத் தூக்கணும். முட்டி இல்லாம எப்படித் தூக்குறது?”

அவள் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை. மாடிப் போர்ஷனை மூன்று லட்சத்துக்கு மூன்று வருட ஒத்திக்கு விட்டாள். மதுரையில் ஒத்திக்கு ஆள் கிடைப்பது சுலபம். சின்ன அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் கடைசியில் போட்டார், மூன்று மாதம் பேசவில்லை. ஆபரேஷன் நடந்தது. ஒன்றரை மாதம் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு கைத்தடியும் வாசலோடு. மிச்சப் பணம் போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது. குடியிருப்பவர்கள் காலி செய்தால் அடுத்து வருபவர்களிடம் ஒத்தி வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவள் கணக்கு. அது கடன்தான். தான் உயிரோடு இருக்கப் போகிறோம் என்று நம்பி ஒரு பெண் வாங்கிய கடன்.

எல்லா அம்மாக்களுக்கும் மாடி இருப்பதில்லை. கால் பங்கும் இருப்பதில்லை. தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இந்தக் கூடுதல் வருடங்கள் இன்னும் கொஞ்சம் கூலிவேலைதான். எழுபதிலும் நூறுநாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகிறவர்களை மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாய்க்கரையிலும் பார்க்கலாம். அதனால்தான் இதை ஒரு வீட்டின் கதையோடு விட முடியாது. பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று தெரிந்த அரசு, அந்த நாள்களுக்கு ஏற்ற ஓய்வூதியத்தையும் முட்டிக்கும் இடுப்புக்கும் கண்ணுக்குமான மருத்துவத்தையும் திட்டமிட வேண்டும். வீட்டு வேலையை வேலையாக எண்ணாத வரை, வேலை செய்தவருக்கு மட்டும் ஓய்வூதியம் என்ற கணக்கு பெண்ணுக்குப் பாதிதான் தரும்.

இதைப் படிக்கிற மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் வீட்டில் நான்கு விஷயங்களை விசாரியுங்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது அம்மாவுக்கும் பார்க்கிறார்களா? ஆத்தாவோ பாட்டியோ எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரா? பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த பிறகு அவர்கள் கவனிக்காமல் விட்டால், பராமரிப்போம் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கும்பட்சத்தில், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன்கீழ் கோட்டாட்சியரிடம் முறையிட்டு அதை ரத்து செய்ய வழி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா? கடைசியாக, அம்மாவிடமே கேளுங்கள்: அடுத்த பத்து வருடம் எப்படி இருக்க ஆசை என்று. பெரும்பாலும் அவர்களிடம் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உடனே பதில் வராது. கொஞ்சம் பொறுத்திருங்கள்.